பகைவர் நாட்டுக்குப் போகும் பாதை

தன் குடிமகன் எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த நாட்டுக்குப் போகலாகாது என்று ஆணையிடும் உரிமை ஓர் அரசுக்கு உண்டா? நட்பு நாடுகளைப் பொறுத்தவரை இக்கேள்வி எழுவதில்லை. எல்லையில் படை நிறுத்தியிருக்கும் நாடு, தூதுவரைத் திருப்பி அனுப்பிவிட்ட நாடு, நம் அரசு பகையென்று அறிவித்துவிட்ட நாடு ஆகியவற்றைப் பொறுத்தே இது எழுகிறது. பகைவன் மண்ணை மிதிப்பவன் பகைவனுக்குத் துணை போகிறான் என்பர் ஒரு சாரார். பகை அரசுகளுக்கிடையே உள்ளது, மக்களுக்கிடையே உள்ளதன்று என்பர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவேதான் இது எளிதில் தீராத வழக்காக இருந்து வருகிறது.

பாஸ்போர்ட் என்னும் கடவுச்சீட்டு பிறந்த பின்னரே இச்சிக்கல் தோன்றியதாகச் சிலர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. முத்திரை குத்தும் அலுவலகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரசுகள் இத்தகைய தடைகளை விதித்துள்ளன. சட்ட மேதைகள் இதுபற்றி வாதிட்டுள்ளனர். பயணிகள் தடையையும் வாதத்தையும் தாண்டிப் போய் வந்துள்ளனர். அவ்வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டி, அவை நமக்கு என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஹுதைபிய்யாவில் ஒரு விதி

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-இல், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உம்ரா நாடித் தம் தோழர்கள் 1,400 பேருடன் மக்காவை நோக்கிப் புறப்பட்டார்கள். குறைஷியர் நகருக்குள் நுழைய விடவில்லை. ஹுதைபிய்யாவில் பேச்சு நடந்து, பத்தாண்டுக் காலப் போர் நிறுத்தம் எழுத்தில் வந்தது. குறைஷியரின் சார்பில் பேசிய ஸுஹைல் இப்னு அம்ர் அதில் ஒரு விதியை வற்புறுத்திச் சேர்த்தார். மக்காவிலிருந்து ஒருவர் தம் பொறுப்பாளரின் இசைவின்றி மதீனாவுக்குச் சென்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்கு வருபவரையோ குறைஷியர் திருப்பித் தர வேண்டியதில்லை.

இவ்விதியை நாம் வழக்கமாக முஸ்லிம்களின் பொறுமைக்குச் சான்றாகவே படிக்கிறோம். மற்றொரு கோணத்திலும் பார்க்கலாம். ஒரு நகரத்தின் ஆட்சியாளர்கள், தங்கள் மக்கள் பகை நகருக்குச் செல்வதைத் தடுக்கப் போட்ட தடை அது. தங்கள் இளைஞர்கள் மதீனாவுக்குச் சென்று பார்த்தால் திரும்ப மாட்டார்கள் என்ற அச்சமே அதன் அடிப்படை. ஒப்பந்தம் எழுதப்பட்ட அந்த வேளையிலேயே ஸுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரலி) காலில் விலங்குடன் அங்கே வந்து சேர்ந்தார். தந்தை அவரைத் திருப்பி இழுத்துச் சென்றார். கண்டிருந்த தோழர்கள் கலங்கினர். ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நின்றார்கள்.

பின்னர் நடந்ததுதான் நாம் கருத வேண்டியது. அபூ பஸீர் (ரலி) என்பவர் மக்காவிலிருந்து தப்பி மதீனா வந்தார். குறைஷியர் அனுப்பிய இருவரிடம் ஒப்பந்தப்படி ஒப்படைக்கப்பட்டார். வழியில் அவ்விருவரில் ஒருவனைக் கொன்று விடுபட்ட அவர், மதீனாவிலும் தங்க இயலாது என்றறிந்து, செங்கடற்கரையை ஒட்டிய அல்ஈஸ் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். சிரியாவுக்குச் செல்லும் குறைஷியரின் வணிகப் பாதை அவ்வழியே சென்றது. மக்காவில் அடைபட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தப்பி அங்கே கூடினர். அபூ ஜந்தலும் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ எழுபது பேர் திரண்டனர். குறைஷியரின் வணிகக் கூட்டங்கள் அதற்குப்பின் அமைதியாகப் போக முடியவில்லை. இறுதியில் குறைஷியரே ஆளனுப்பி, உறவைச் சொல்லி வேண்டி, அவர்களை மதீனாவிலேயே வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டனர். தாங்கள் வற்புறுத்திப் பெற்ற விதியைத் தாங்களே கைவிட்டனர்.

மதீனாவின் ஒழுங்குக்குள் அமைதியாக வாழ்ந்திருக்கக்கூடியவர்களைப் பாதையோரப் படையாக மாற்றியது அந்தத் தடையே. இதற்கு நேர்மாறாக, அதே ஒப்பந்தத்தின் பயனாய்ப் போர் ஓய்ந்து, இரு தரப்பு மக்களும் அச்சமின்றிச் சந்தித்துப் பேசத் தொடங்கியபோது விளைந்தது என்ன? ஹுதைபிய்யாவுக்கு 1,400 பேருடன் சென்ற நபிகளார், இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றிக்கு 10,000 பேருடன் சென்றார்கள் என்று எண்ணிக்கை காட்டுகிறார் இப்னு ஹிஷாம். காலித் இப்னு வலீத், அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) ஆகியோர் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவியதும் இந்த இடைக்காலத்தில்தான். விதி அடைக்க முயன்றதை அமைதி திறந்துவிட்டது.

சட்ட மேதைகளின் இரு பார்வைகள்

இஸ்லாமிய ஆட்சி விரிந்து, அதன் எல்லைகளில் பகை அரசுகள் நிலைத்த காலத்தில், முஸ்லிம் குடிமகன் பகைவர் நாட்டுக்கு வணிகத்தின் பொருட்டுச் செல்லலாமா என்ற கேள்வி ஃபிக்ஹு நூல்களில் இடம்பெற்றது. இரு விடைகள் கிடைத்தன.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) கி.பி. 805-இல் மறைந்தவர். நாடுகளுக்கிடையிலான சட்டத்தைப் பற்றி 'அஸ்ஸியருல் கபீர்' என்னும் நூலை இயற்றினார். பின்னாளில் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அதற்கு விரிவுரை வரைந்தார். இந்த ஹனஃபி மரபின்படி, முஸ்லிம் வணிகர் பகைவர் நாட்டுக்குச் சரக்குக் கொண்டு செல்வதில் குற்றமில்லை. ஆனால் ஆயுதமும் போர்க் குதிரையும் கொண்டு செல்லலாகாது. பகைவனின் படை வலுவைப் பெருக்கும் பொருளுக்கு அங்கே தடை. 'அமான்' என்னும் பாதுகாப்பு வாக்குறுதி பெற்று உள்ளே சென்றவன், அந்நாட்டாரின் உயிருக்கும் உடைமைக்கும் துரோகம் இழைக்கக் கூடாது என்பதும் அவர்கள் வகுத்த விதி. வாக்குப் பெற்றவன் வாக்குக்குக் கட்டுப்பட்டவன் என்பது கருத்து.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் பார்வை வேறு. கைரவானைச் சேர்ந்த ஸஹ்னூன் (ரஹ்) தொகுத்த 'அல்முதவ்வனா'வில், பகைவர் நாட்டுக்கு வணிகத்திற்காகச் செல்வதை இமாம் கடுமையாக வெறுத்தார்கள் என்ற செய்தி இருக்கிறது. அங்கே போகிறவன்மீது அந்நாட்டார் சட்டம் செல்லுபடியாகிவிடுமே என்பதே அவர்கள் கூறிய காரணம். அந்தலுஸில், குர்துபாவின் காழியாக இருந்து கி.பி. 1126-இல் மறைந்த இப்னு ருஷ்து (தத்துவ மேதை இப்னு ருஷ்தின் பாட்டனார்) இதனை ஒரு படி மேலே கொண்டு சென்றார். இத்தகைய பயணத்தை ஆட்சியாளர் தடுக்க வேண்டும், அதற்காக வழிகளில் காவல் வைக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைய பயணத் தடைக்கு நம் நூல்களில் கிடைக்கும் மிகத் தெளிவான முன்னோடி இதுவே எனலாம்.

இக்கருத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இப்னு ருஷ்து வாழ்ந்த காலத்தில் அந்தலுஸின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. துலைத்துலா கி.பி. 1085-இலும் ஸரகுஸ்தா கி.பி. 1118-இலும் வீழ்ந்தன. முற்றுகைக்கு ஆளான ஒரு சமுதாயத்தின் காழி அவர். பகைவர் நாட்டில் தம் மக்கள் இழிவுக்கும் சிறைக்கும் ஆளாவர் என்ற கவலையும், வணிகத்தின் பெயரால் ஆயுதம் கடத்தப்படும் என்ற ஐயமும் அவர் எழுத்தில் ஒலிக்கின்றன. இன்று ஓர் அரசு பயணத் தடை விதிக்கும்போது கூறும் காரணங்களும் இவைதாம்.

அந்தத் தடை நடைமுறையில் என்னவாயிற்று என்பதை அறிய, அதே அந்தலுஸிலிருந்து கிளம்பிய ஒரு பயணியைப் பின்தொடர்வோம்.

இப்னு ஜுபைர் கண்ட வியப்பு

கி.பி. 1145-இல் பலன்ஸியாவில் பிறந்து, கர்னாத்தா ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றிய இப்னு ஜுபைர், கி.பி. 1183-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். முதல் அடியே குறிப்பிடத்தக்கது. ஸப்தா துறைமுகத்தில் அவர் ஏறியது ஜெனோவா நகரக் கிறிஸ்தவர்களின் கப்பல். அவரை எந்தக் காவலும் நிறுத்தவில்லை. ஹஜ்ஜை முடித்து, பக்தாத், மவ்ஸில், ஹலப் வழியாக டமாஸ்கஸ் வந்து சேர்ந்தவர், கி.பி. 1184 செப்டம்பரில் வணிகக் கூட்டம் ஒன்றுடன் அக்கா துறைமுகத்துக்குப் புறப்பட்டார். அக்கா அப்போது சிலுவைப் படையினரின் கையில் இருந்தது. அரபு நூல்கள் 'இஃப்ரஞ்ச்' என்றும் நம் தமிழ் 'பறங்கியர்' என்றும் அழைக்கும் மக்களே அவர்கள்.

அது அமைதிக் காலமன்று. அவ்வாண்டில்தான் ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி கரக் கோட்டையை முற்றுகையிட்டார். அவர் படை நாப்லுஸைச் சூறையாடியது. சிறைப்பட்ட பறங்கியர் முஸ்லிம் நாட்டுக்குள் கொண்டுவரப்படும் நாளிலேயே, முஸ்லிம் வணிகர் கூட்டம் பறங்கியர் நாட்டுக்குள் நடந்து போகிறது. உலகத்து விந்தைகளில் ஒன்றாக இதனை இப்னு ஜுபைர் பதிவு செய்கிறார். போர் வீரர் போரில் ஈடுபட்டிருக்க, இரு தரப்பு வணிகரும் பயணிகளும் வரி செலுத்திவிட்டு இடையூறின்றிப் போய் வந்தனர்.

அக்காவின் சுங்கச் சாவடியில் கருங்காலி மைக்கூடுகளை முன்வைத்து அமர்ந்திருந்த கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியிலேயே எழுதினர், அரபியிலேயே பேசினர். சோதனை கடுமையின்றி நடந்தது. ஆனால் வழியில் திப்னீன் கோட்டையில் மக்ரிப் நாட்டாரிடம் மட்டும் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் தனி வரியாக வாங்கினர். காரணம் கேட்டபோது ஒரு பழைய கதை வெளிவந்தது. முன்னொரு காலத்தில் மக்ரிபைச் சேர்ந்த சிலர் நூருத்தீன் ஸங்கியின் படையுடன் சேர்ந்து கோட்டையொன்றைத் தாக்கினராம். தங்கள் நாட்டில் அமைதியாகப் போய் வர விட்டவர்கள் ஆயுதம் ஏந்தினர் என்பதால் அவர்கள் நாட்டார் அனைவர்க்கும் அந்த வரி. கோபமுற்ற நிலையிலும் பறங்கியர் பாதையை அடைக்கவில்லை என்பதையும், சிலர் செய்ததற்குப் பலர் விலை கொடுத்தனர் என்பதையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்பயணத்தால் விளைந்த பெரும் பயன் வேறொன்று. திப்னீனுக்கும் அக்காவுக்கும் இடையே பறங்கியரின் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம் உழவர்களை இப்னு ஜுபைர் நேரில் கண்டார். விளைச்சலில் பாதியும் தலைவரியும் கொடுத்துவிட்டு, தம் வீடும் நிலமும் தம் கையில் இருக்க, அவர்கள் ஓரளவு நிம்மதியாக வாழ்ந்தனர். முஸ்லிம் நிலக்கிழாரின் கீழ் வாழும் தம் சகோதரர்களைவிடத் தாங்கள் நலமாயிருப்பதாக அவர்கள் எண்ணத் தொடங்கியதைக் கண்டு அவர் மனம் நொந்தார். இது எந்த முஸ்லிம் அரசனும் கேட்க விரும்பாத செய்தி. கேட்டே ஆக வேண்டிய செய்தியும்கூட. ஒற்றன் படைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வருவான். நம் வீட்டுக் குறையைப் பகைவர் வீட்டில் கண்டு வந்து சொல்பவன் பயணி ஒருவனே.

இவ்வளவு கண்டும் இப்னு ஜுபைர் பகைவர் நாட்டைப் புகழ்ந்து பேசுபவராகிவிடவில்லை. கடந்து செல்லும் தேவைக்கன்றி ஒரு முஸ்லிம் அந்நாட்டில் தங்குவதற்கு இறைவனிடம் சொல்லத்தக்க காரணம் ஏதுமில்லை என்றே எழுதினார். கொள்கையில் அவர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழியினர். ஆயினும் ஹஜ்ஜுக்குப் போகவும் வீடு திரும்பவும் பகைவரின் பாதையும் பகைவரின் கப்பலும் அவருக்குத் தேவைப்பட்டன. திரும்பும் வழியில் ஸிஸிலியின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. கரை சேர்க்கும் படகுக்குக் கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்களுக்காக, அத்தீவின் கிறிஸ்தவ அரசர் இரண்டாம் வில்லியம் தாமே பணம் கொடுத்தார். இதனையும் அவர் மறைக்காமல் எழுதினார். கி.பி. 1185 ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

அப்பாதையின் மதிப்பு என்ன என்பதை அடுத்த இரண்டாண்டுகள் காட்டின. கரக் கோட்டையின் தலைவன் ரெஜினால்டு, போர் நிறுத்தம் நடப்பிலிருக்கையில், கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸுக்குச் சென்ற பெரும் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்டான். பொருளையும் மக்களையும் திருப்பித் தருமாறு ஸலாஹுத்தீன் கேட்டார். ஜெருசலம் அரசன் கீயும் கேட்டுப் பார்த்தான். ரெஜினால்டு மறுத்தான். போர் மூண்டது. கி.பி. 1187 ஜூலை 4-இல் ஹித்தீனில் பறங்கியர் படை அழிந்தது. ரெஜினால்டை ஸலாஹுத்தீன் தம் கையாலேயே தண்டித்தார். அக்டோபர் 2-இல் பைத்துல் முகத்தஸ் மீண்டது. பல போர்களைத் தாங்கி நின்ற பாதையை ஒருவன் அடைத்தபோது, ஓர் அரசே சரிந்தது.

போப்பாண்டவரின் தடை

மறு தரப்பிலும் தடை விதித்தவர்கள் உண்டு. கி.பி. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரான் திருச்சபைப் பேரவை, முஸ்லிம்களுக்கு ஆயுதமும் இரும்பும் கப்பல் கட்டும் மரமும் விற்பதைத் தடை செய்தது. நம் ஹனஃபி மேதைகளின் விதியோடு இது ஏறத்தாழ ஒத்துப்போவதைக் காண்க. போரில் ஈடுபட்ட இரு தரப்பும் தனித்தனியே சிந்தித்து ஒரே எல்லையில் வந்து நின்றன.

கி.பி. 1291-இல் அக்கா, மம்லூக் ஸுல்தான் அல்அஷ்ரஃப் கலீலிடம் வீழ்ந்ததும் அந்த எல்லை தாண்டப்பட்டது. போப் நான்காம் நிக்கோலஸ் எகிப்து, சிரியாவுடன் எல்லா வணிகத்தையும் தடை செய்தார். போப்பாண்டவரின் அனுமதியின்றி ஜெருசலம் யாத்திரை செல்வோரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றாயிற்று. தங்கள் புனித நகரைத் தரிசிக்கும் ஏழைக் கிறிஸ்தவ யாத்திரிகருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று.

விளைவு என்ன? மலபாரின் மிளகு எகிப்து வழியாகவே ஐரோப்பாவுக்குச் சென்றது. அது இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. வணிகர் சைப்ரஸுக்கும், ஆர்மீனியரின் அயாஸ் துறைக்கும் சென்று அதே சரக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கினர். எகிப்தின் கருவூலத்தை வறண்டுபோகச் செய்ய வேண்டுமானால் கடல் முற்றுகையே வழி என்று, வெனிஸ் நகரத்து மாரினோ ஸனூதோ கி.பி. 1321-இல் போப்பிடம் பெரு நூலொன்றைச் சமர்ப்பித்தார். முற்றுகை நடக்கவில்லை. அதற்கு மாறாக, தடைக்கு விலக்களிக்கும் அனுமதிச் சீட்டு விலைக்குக் கிடைக்கலாயிற்று. கி.பி. 1344-இல் வெனிஸ் அத்தகைய அனுமதியைப் பெற்று, அடுத்த ஆண்டிலேயே தன் கப்பல்களை மீண்டும் அலெக்ஸாந்திரியாவுக்கு அனுப்பியது.

தடை எகிப்தை வீழ்த்தவில்லை. செல்வன் சீட்டு வாங்கிப் போனான். கள்ளன் சீட்டின்றிப் போனான். இரண்டுக்கும் வழியற்ற நேர்மையான ஏழை மட்டுமே வீட்டில் நின்றுவிட்டான். எந்தக் காலத்துப் பயணத் தடைக்கும் இந்த நோய் உண்டு.

நம் காலத்து முத்திரைகள்

இருபதாம் நூற்றாண்டில் தடைக்குக் கடவுச்சீட்டு கருவியாயிற்று. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டபின், அமெரிக்க அரசு தன் குடிமக்கள் அந்நாட்டுக்குச் செல்வதைத் தடுத்தது. அறிஞர் டுபாய்ஸுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதால் அவரால் 1955-இல் பாண்டுங் மாநாட்டுக்குச் செல்ல இயலவில்லை. வில்லியம் வொர்தி என்னும் கறுப்பினப் பத்திரிகையாளர் தடையை மீறிச் சீனா சென்று வந்ததால், 1957-இல் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மறுத்தனர். பயண உரிமை குடிமகனின் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று 1958-இல் கூறிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1965-இல் கியூபா பயணத் தடை செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றமும் இரு மனத்தோடு இருந்தது.

சீனத் தடை 1971 மார்ச்சில் நீங்கியது. ஏப்ரலில் ஒரு மேசைப் பந்தாட்டக் குழு பீஜிங் சென்றது. 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்ஸனே சென்றார். முதலில் பாதை திறந்தது, பிறகு விளையாட்டு வீரர் போயினர், அரசியல் தலைவர் கடைசியாகவே போனார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் உலகின் மிகப் பெரும் மக்கள் தொகையைக் கொண்ட நாட்டைத் தம் கண்ணால் காணாமலேயே இருந்தனர்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. 1967 ஏப்ரல் 10-இல், தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட மூவரின் பெரும்பான்மைத் தீர்ப்பு, வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. நீதிபதி ஹிதாயத்துல்லாஹ் மற்றொரு நீதிபதியுடன் மாறுபட்டார். கடவுச்சீட்டு அரசியல் தன்மை வாய்ந்த ஆவணம், அதைக் கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இந்தியாமீது படையெடுக்கும் நாடு, அதற்குத் துணை நிற்கும் நாடு, போர் நடைபெறும் நாடு, பயணத்தால் அரசின் வெளியுறவுக்குப் பெருங்கேடு விளையும் நாடு ஆகியவற்றுக்குக் கடவுச்சீட்டு செல்லாது என அறிவிக்க அதன் 19-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1978 ஜனவரி 25-இல் மேனகா காந்தி வழக்கில், காரணம் சொல்லாமலும் எதிர்வாதம் கேட்காமலும் கடவுச்சீட்டைப் பறிப்பது முறையன்று, நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது.

நல்ல நோக்கத்துடன் விதிக்கப்பட்ட தடையும் ஒன்றுண்டு. நிறவெறி ஆட்சியின் காரணமாக, இந்தியக் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று பல்லாண்டுகள் அச்சிடப்பட்டு வந்தது. 1993-இல்தான் இரு நாட்டுத் தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற பெருமை நம் நாட்டுக்கு உண்டு. எனினும் நேட்டாலில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இங்கிருந்த அவர்தம் உறவினர்க்கும் இடையே அந்த வரியும் ஒரு சுவராக நின்றது. அறத்தின் பெயரால் விதிக்கப்படும் தடைக்கும் விலை கொடுப்பவர் ஆட்சியாளரல்லர், குடும்பத்தினரே.

இந்தியா, பாகிஸ்தான் கதை எல்லோரும் அறிந்தது. 1948 ஜூலையில் இந்தியா அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டு வந்தது. அக்டோபரில் பாகிஸ்தானும் அவ்வாறே செய்தது. 1952 அக்டோபரில் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. அதற்குள் அண்ணன் ஒரு நாட்டினராகவும் தம்பி மறு நாட்டினராகவும் ஆகிவிட்டிருந்தனர். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொடூரமாகக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அட்டாரி வாயில் மூடப்பட்டு விசாக்கள் இரத்தாயின. கொலையாளிகள் விசா பெற்று வாயில் வழியாக வருபவரல்லர். வாயிலில் கண்ணீருடன் பிரிந்து நின்றோர், எல்லை கடந்து மணமுடித்த குடும்பத்தினர்.

எதை அடைக்கலாம்?

தடையை ஆதரிப்போரின் வாதத்துக்கும் செவி சாய்ப்போம். வட கொரியாவுக்குச் சுற்றுலா சென்ற அமெரிக்க மாணவர் ஒருவர் அங்கே சிறையிடப்பட்டு, நினைவிழந்த நிலையில் திருப்பி அனுப்பப்பட்டு, 2017 ஜூனில் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் அந்நாட்டுக்குப் பயணத் தடை விதித்தது அமெரிக்கா. தன் குடிமகனைப் பகைவன் பிணைப்பொருளாக்குவதை எந்த அரசு பார்த்துக்கொண்டிருக்கும்? பயணி செலவிடும் பணம் பகைவனின் கருவூலத்தை நிரப்பாதா? பயணியின் போர்வையில் துரோகி போகமாட்டானா? இவை நேர்மையான கேள்விகள்.

இவற்றுக்கு வரலாறு தரும் விடையும் நேர்மையானதே. ஆயுதத்தைத் தடுக்கலாம். ஷைபானீயும் லாத்தரான் பேரவையும் ஒத்து நிற்கும் இடம் அது. துரோகம் செய்யப் போகிறவனை, சான்றுடன், நீதிபதியின் முன் நிறுத்தித் தடுக்கலாம். திப்னீனில் வாள் எடுத்தவர்களால் அமைதியாகப் போனவர்களே துன்புற்றனர் அன்றோ? போர் மூண்டு குண்டு விழும் வேளையில் சில காலம் வழியை மூடலாம். அபாயத்தை உரக்க எச்சரிக்கலாம், எச்சரிக்க வேண்டியதே கடமை. ஆனால் அறிந்து துணிந்து செல்பவனை, அதுவும் தாயைக் காணவும் கல்வி தேடவும் புண்ணியத் தலம் நாடவும் செல்பவனை, பகை என்ற ஒரே சொல்லைச் சொல்லி ஆண்டுக்கணக்கில் தடுப்பது வேறு. அது பகைவனை ஒன்றும் செய்வதில்லை. தன் வீட்டாரையே அடைத்து வைக்கிறது.

மூடும் அரசு காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். எந்நாளில் திறக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். விலக்களிப்பதானால் செல்வாக்குள்ளவனுக்கல்ல, இரத்த உறவு உள்ளவனுக்கும் நோயாளிக்கும் முதலில் அளிக்க வேண்டும். காலவரையறையில்லாத தடை நாளடைவில் சீட்டு விற்கும் கடையாகிவிடும் என்பதைப் பதினான்காம் நூற்றாண்டு மெய்ப்பித்தது.

மக்கா வெற்றியின்போது, உம்மு ஹானி (ரலி) என்னும் பெண்மணி தம் வீட்டில் தஞ்சம் புகுந்தோருக்குத் தாமே அடைக்கலம் அளித்தார்கள். அவ்வடைக்கலத்தை நபிகளார் (ஸல்) அவர்கள் ஏற்று உறுதி செய்தார்கள். போர் முடிந்தும் முடியாத அந்நாளில், பகைவராயிருந்தோருக்கு ஒரு தனி மனிதர் கொடுத்த வாக்கை அரசு மதித்தது. அமான் என்பதன் முழுப் பொருளும் அதில் அடங்கியுள்ளது. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று நம்பாத நாளிலும், ஒரு மனிதனை மற்றொரு மனிதன் நம்பிப் போய் வர ஒரு பாதை இருக்க வேண்டும். அப்பாதையைக் காக்கும் அரசு வலுவிழந்ததாக வரலாறு சொல்லவில்லை. அதனை அடைத்தவர்கள் எவ்வளவு காலம் நிலைத்தனர் என்பதற்கு மக்காவின் குறைஷியரும் கரக்கின் ரெஜினால்டும் சான்று.

உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.